கருவியும் அனுபவமும்

(ஊராட்சிப் பயிற்சி முகாம் ஒன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

 

இம்முகாமில் நமக்கு ஒதுக்கப்பட்ட பொருள் ஊராட்சி அலுவலகத்தில் கணினி என்பதாகும். கணினியை இயக்குவது எப்படி, எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்தப் பக்கம் திறக்கும் என்பனவற்றை நாளைக் காலை பயிற்றுநர்கள் சொல்லித் தருவார்கள். நாம் இன்று ஆராய விரும்புவது அதற்கும் முற்பட்ட ஒரு கேள்வியாகும். கணினி ஒன்றே, மென்பொருள் ஒன்றே, அரசாணையும் ஒன்றே. ஆயினும் ஓர் ஊராட்சியில் அது நாள்தோறும் வேலைக்குத் துணை நிற்கிறது. அடுத்த ஊராட்சியிலோ துணி போர்த்தி மூலையில் வைக்கப்பட்டிருக்கிறது. இந்த வேறுபாடு எதனால் உண்டாகிறது?

படிப்பே காரணம் என்பர் சிலர். வயதே காரணம் என்பர் வேறு சிலர். இவையும் காரணங்களே. எனினும் நம் வட்டாரத்து ஊராட்சிகளில் கண்ட அளவில் இவற்றினும் வலிமை வாய்ந்த காரணம் ஒன்று உண்டு. அதுதான் அனுபவம். ஒருவர் அக்கருவியைத் தம் கையால், தம் வேலைக்காகப் பயன்படுத்தும்போது பெறுகின்ற அனுபவம் எத்தகையதோ, அதற்கேற்பவே அவர் அதனை ஏற்பதும் வெறுப்பதும் அமைகின்றன. இதனை உணர்ந்து நடப்போமானால் அரசு செலவிடும் பணம் பயன் தரும். உணராது போனால், பின்னர் கூறவிருப்பதுபோல, மக்கள் அளித்த அதிகாரமே நம் கையை விட்டு நழுவிப் போகும்.

உழவர் அறிந்த உண்மை

இது உழவர்களுக்குப் புதிய செய்தியன்று. 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் நம் நாட்டில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. வட்டார வளர்ச்சி அலுவலர் என்னும் பதவியும் அத்திட்டத்தின் வழி வந்ததே. அக்காலத்தில் கிராம சேவகர்கள் ஊர்தோறும் சென்று, புதிய விதையைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் எடுத்துரைத்தார்கள். பேச்சினால் மட்டும் காரியம் ஆகாது என்பதை உணர்ந்துதான், உழவரின் வயலிலேயே செயல்விளக்கத் திடல்கள் அமைத்தார்கள். 1960-களில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்து ஏ.டி.டி. 27 நெல் தஞ்சைத் தரணியின் குறுவைப் பருவத்துக்கு ஏற்றதாகப் பரவியது. அதைப் பயிரிட்டுப் பார்த்தவரின் களத்து மேட்டைக் கண்ட பிறகே பக்கத்து வயற்காரருக்குத் துணிவு பிறந்தது.

எந்த உழவரும் புது விதையைப் பற்றிக் கேட்ட மாத்திரத்தில் நிலம் முழுவதிலும் விதைத்துவிடுவதில்லை. ஒரு மூலையில் கொஞ்சம் விதைத்துப் பார்ப்பார். முளைப்பைப் பார்ப்பார், பூச்சி விழுகிறதா என்று பார்ப்பார், அறுத்து, தூற்றி, அளந்து பார்ப்பார். மறு பருவத்தில் அவர் எடுக்கும் முடிவு, கேட்டறிந்ததனால் எடுத்த முடிவு அன்று; தாமே கண்டறிந்ததனால் எடுத்த முடிவு. கணினியும் இவ்வாறு ஒரு மூலையில் விதைத்துப் பார்க்கப்பட வேண்டிய பொருளேயாகும்.

ஆராய்ந்தோர் கண்டது

பணியிடங்களுக்குக் கணினி வந்த நாளாக இதனைப் பற்றி ஆராய்ந்தவர்கள் உளர். அமெரிக்க நாட்டின் பிரெட் டேவிஸ் என்னும் அறிஞர் 1989-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், நான்கு மென்பொருள்களைப் பயன்படுத்தும் 152 பேரிடம் கேட்டறிந்தார். இக்கருவி என் வேலைக்குப் பயன்படுமா, இக்கருவியைக் கையாள்வது எளிதா என்னும் இரண்டு எண்ணங்களே ஒருவர் கணினியை ஏற்பதை முடிவு செய்கின்றன என்பது அவர் கருத்து. இவ்விரண்டனுள்ளும் பயன்படுமா என்னும் எண்ணமே வலிமை மிக்கதாக இருக்கக் கண்டார்.

பின்னர் வெங்கடேஷ் என்னும் அறிஞரும் டேவிஸும் சேர்ந்து நான்கு நிறுவனங்களில் 156 பணியாளர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். புதிய முறை வருவதற்கு முன்னர் ஒரு தடவையும், வந்து ஒரு மாதம் கழித்து ஒரு தடவையும், மூன்று மாதங்கள் கழித்து ஒரு தடவையும் அவர்களது எண்ணங்களைக் கேட்டார்கள். 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த அந்த ஆய்வின் முடிவு நாம் அனைவரும் சிந்திக்கத்தக்கது. கட்டாயமாகப் புகுத்தப்பட்ட இடங்களில், மேலதிகாரிகளும் உடன் பணிபுரிவோரும் என்ன நினைப்பார்கள் என்பது தொடக்கத்தில் பணியாளரின் எண்ணத்தை அசைத்தது. மூன்று மாத அனுபவத்துக்குப் பின்னர் அந்த வலிமை மறைந்துவிட்டது. பிறர் சொல் நின்ற இடத்தில் தம் சொந்த அனுபவம் வந்து நின்றது.

2003-ஆம் ஆண்டில் வெங்கடேஷும் அவருடன் மூவரும், அதுவரை வெளிவந்த எட்டுக் கோட்பாடுகளை ஒன்றாக்கி ஆராய்ந்தார்கள். கருவி கடினமா எளிதா என்னும் கவலை முதல் நாட்களில்தான் பெரிதாக இருக்கிறது. பழகப் பழக அது குறைகிறது. அதற்கு மாறாக, சிக்கல் வந்தால் உதவி கிடைக்குமா என்பது அனுபவம் மிகுந்தோருக்கே பெரிதும் முக்கியமாகிறது என்று அவர்கள் கண்டார்கள்.

இவற்றை நம் வயல் மொழியில் சொல்வதாயின், கிணற்றடியில் முதன்முதல் மின்சார மோட்டாரை வைத்த உழவரை நினைத்துப் பாருங்கள். முதல் நாள், தொட்டால் ஷாக் அடிக்குமோ என்பதுதான் அவரது கவலை. ஒரு மாதம் ஓட்டிய பிறகு அந்தக் கவலை இருப்பதில்லை. ஏற்றத்தைக் காட்டிலும் இது எவ்வளவு நிலத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறது என்று கணக்குப் பார்ப்பார். ஏற்றத்தைக் கழற்றி வைத்துவிட்டு மோட்டாரையே நம்பத் தொடங்கிய பின்னரோ, காயில் எரிந்து போனால் சுற்றிக் கொடுப்பவர் அருகில் இருக்கிறாரா என்பதே அவருக்குப் பெரிய கேள்வியாகும். மனிதர் அவரே, மோட்டாரும் அதுவே. அனுபவம் வளர வளர அவர் கேட்கும் கேள்வி மாறுகிறது. முதல் நாள் கேள்விக்கு மட்டும் விடை கூறி, பயிற்சி முடிந்தது என்று நாம் எழுந்து வந்துவிடுவோமானால், பின்னர் எழும் இரண்டு கேள்விகளுக்கும் விடையின்றிக் கருவி துருப்பிடிக்கும்.

பழைய அனுபவம்

இனி, கணினிக்கு முன்னர் நாம் பெற்ற அனுபவத்தைக் காண்போம். அது சில வேளை துணையாகவும் சில வேளை தடையாகவும் நிற்கிறது.

தமிழ்த் தட்டச்சில் கீழ்நிலையும் மேல்நிலையும் தேறியவர்கள் நம் அலுவலகங்களில் பல்லாண்டுகள் பணி செய்தார்கள். 1999-ஆம் ஆண்டில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ் 99 என்னும் விசைப்பலகை முறை வகுக்கப்பட்டது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் வலக்கைப் பக்கமும் அமைந்த அந்த முறை, புதிதாகக் கற்போருக்கு எளிதானது. ஆனால் இருபது ஆண்டுகள் தட்டச்சுப் பொறியில் பழகிய விரல்களுக்கு அது எளிதாக இல்லை. அவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று கூறுவது நியாயமாகாது. அவர்கள் விரல்களில் சேர்ந்திருந்த உழைப்பை ஒரே நாளில் விட்டுவிடச் சொன்னால் எவர்க்கும் மனம் வராது. ஆகவேதான் தமிழ் மென்பொருள்கள் பலவற்றில் தமிழ் 99 முறையோடு பழைய தட்டச்சு முறையும் சேர்த்து அளிக்கப்பட்டது. பழைய அனுபவத்துக்கு இடம் கொடுத்தபோது, அவர்களும் கணினியின் முன் அமர்ந்தார்கள்.

ஊராட்சிக் கணக்கும் இத்தகையதே. ரொக்கப் புத்தகத்தை ஆண்டுக்கணக்கில் பிழையின்றி எழுதிய ஊராட்சி செயலர் ஒருவர், திரையைக் கண்டதும் திகைக்கிறார் என்றால், அவருக்குக் கணக்குத் தெரியாது என்பது பொருளன்று. திரையில் காணும் பத்தி எது, தம் புத்தகத்தில் உள்ள பத்தி எது என்று இணைத்துக் காட்டுவார் இல்லை என்பதே பொருள். புத்தகத்தைத் திறந்து பக்கத்தில் வைத்து, இந்த வரவு இங்கே வருகிறது, இந்தச் செலவு இங்கே போகிறது என்று காட்டினால், அவரது பழைய அனுபவமே அவருக்கு ஆசிரியராகிவிடும்.

கட்டாயத்தின் எல்லை

கட்டாயப்படுத்தினால் எல்லோரும் பயன்படுத்துவார்கள் அல்லவா என்று கேட்கலாம். பயன்படுத்துவார்கள், மறுப்பதற்கில்லை. ஆயின் பயன்படுத்துவது வேறு, ஏற்பது வேறு.

2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடைபெற்ற நூறு நாள் வேலைத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். பணியிடத்து வருகையைக் கைபேசிச் செயலியில் பதியும் முறை 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் கொண்டுவரப்பட்டது. இருபது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் 2022 மே 16 முதலும், தனிநபர் பயனாளி வேலைகள் நீங்கலாக எல்லா இடங்களிலும் 2023 ஜனவரி 1 முதலும் அது கட்டாயமாக்கப்பட்டது. நாளொன்றுக்கு இருமுறை தொழிலாளரைப் படம் எடுத்து, இடக் குறிப்புடன் ஏற்ற வேண்டும் என்பது விதி. பொய் வருகையைத் தடுப்பது அதன் நோக்கம், நல்ல நோக்கமே. ஆனால் சிக்னல் கிடைக்காத ஏரிக்கரையில், கைபேசியை உயர்த்திப் பிடித்து நின்ற பணித்தளப் பொறுப்பாளரின் அனுபவம் வேறாக இருந்தது. படம் ஏறாவிட்டால், வெயிலில் மண் சுமந்த தாய்மாரின் அன்றைய கூலிக்கே கேடு. பொறுப்பாளருக்கு அச்செயலி துணையாகத் தோன்றவில்லை. தப்பிப் பிழைக்க வேண்டிய கண்டமாகவே தோன்றியது.

விளைவு யாது? 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகம் மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. சம்பந்தமற்ற படங்கள் ஏற்றப்படுவதும், படத்தையே மறுபடி படம் எடுத்து ஏற்றுவதும், காலைப் படத்தில் உள்ளவர் மாலைப் படத்தில் இல்லாதிருப்பதும் அதில் சுட்டிக்காட்டப்பட்டன. இத்தகைய செயல் தவறே. அதற்குச் சமாதானம் கூற நாம் வரவில்லை. ஆயினும் ஆணையினால் கருவியைக் கையில் கொடுக்கலாமே யன்றி, அதனை உண்மையாகப் பயன்படுத்தும் மனத்தைக் கொடுக்க இயலாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

சாவி எவர் கையில்?

இப்போது நாம் கூறப்போவது இவை எல்லாவற்றினும் முக்கியமானது.

ஊராட்சியின் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையொப்பமிடுவது நெடுநாளைய வழக்கம். 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் தொடங்கப்பட்ட இ-கிராம ஸ்வராஜ் என்னும் இணையதளத்தின் வழியே, திட்டம் வகுப்பதும் கணக்கு எழுதுவதும் ஒன்றாக்கப்பட்டன. நிதிக்குழு மானியம் போன்றவற்றின் பட்டுவாடா மின்னொப்பத்தின் மூலம் நடைபெறலாயிற்று. பேனாவுக்குப் பதிலாக விரலளவு சாவி ஒன்றும், ஒரு கடவுச்சொல்லும் வந்தன.

அந்தச் சாவி எவர் கையில் இருக்கிறது? உறுப்பினர்கள் தத்தம் ஊராட்சியை நினைத்துக்கொண்டு மனத்துக்குள் விடை கூறிக்கொள்ளலாம். கணினி நமக்கு வராது என்று ஒதுங்கிய தலைவரின் சாவி, கணவரிடமோ, செயலரிடமோ, கணினி மையம் நடத்தும் இளைஞரிடமோ, ஒப்பந்தக்காரரிடமோ இருப்பதுண்டு. கடவுச்சொல்லும் அதே உறைக்குள் துண்டுத் தாளில் எழுதி வைக்கப்பட்டிருக்கும். பேனா இருந்த காலத்தில், காசோலை தம் முன் வரும்போதாவது அவர் தொகையைப் பார்த்தார். இப்போது அதுவும் இல்லை. குழாய் பதிக்காமலே பதித்ததாகப் பணம் சென்றால், தணிக்கை வரும் நாளில்தான் அவருக்குத் தெரியும். ஆனால் ஒப்பமிட்டவர் என்று ஏட்டில் நிற்பது அவர் பெயரே. பதில் கூற வேண்டியவரும் அவரே.

2016-ஆம் ஆண்டில் நம் மாநிலம் உள்ளாட்சிகளில் பெண்களுக்கு ஐம்பது விழுக்காடு இடம் ஒதுக்கிச் சட்டம் திருத்தியது. கையொப்பமிடும் உரிமையைச் சட்டம் கொடுத்தது. அந்தக் கையொப்பத்தைச் சாவி வடிவில் இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டால் சட்டம் கொடுத்தது வீட்டுக்கு வந்து சேர்வதில்லை.

இதற்கு ஆர்வமின்மையே காரணம் என்று நாம் கருதவில்லை. முதல் அனுபவமே காரணம். நாற்பது பேர் அமர்ந்த கூடத்தில் ஒரு திரை. அதில் ஆங்கிலச் சொற்கள். ஓர் அம்மையார் தயங்கித் தயங்கி எலியைத் தொட்டதும், பக்கத்தில் நின்றவர், "நீங்க விடுங்கம்மா, நான் போட்டுத் தர்றேன்" என்று வாங்கிக்கொள்கிறார். அன்பினால் சொன்ன சொல்தான். ஆயினும் அன்றோடு அவரது கல்வி முடிந்துவிடுகிறது.

இதற்கு மாறாக நம் வட்டாரத்தில் நாம் கண்ட ஒரு தலைவரையும் கூற வேண்டும். அவர் எட்டாம் வகுப்பு வரையே படித்தவர். ஆனால் மகளிர் சுய உதவிக் குழுவில் பல ஆண்டுகள் கணக்கு எழுதியவர். 1989-ஆம் ஆண்டில் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கி மாநிலம் எங்கும் பரவிய குழுக்கள், இத்தகைய பெண்கள் பலருக்குப் பேரேட்டைப் பழக்கிக் கொடுத்தன. அவரிடம் பயிற்றுநர் கணினி முழுவதையும் கற்பிக்க முயலவில்லை. வாரம் ஒருமுறை, ஊராட்சிக் கணக்கில் இருப்பு எவ்வளவு, அவ்வாரம் யாருக்குப் பணம் சென்றது என்னும் இரண்டை மட்டும் பார்க்கக் கற்றுக் கொடுத்தார். குழுக் கணக்கைப் பார்த்துப் பழகிய கண் அது. மூன்றாம் வாரத்திலேயே தெருவிளக்குச் செலவில் ஒரு தொகையைச் சுட்டி, இது எதற்கு என்று அவர் கேட்டார். முறையான விளக்கம் கிடைத்தது. தவறு ஏதும் இல்லை. ஆயினும் கேட்க முடிந்தது என்பதே அவருக்குப் பெரிய லாபம். அடுத்த மாதம் சாவியைத் தாமே வாங்கி வைத்துக்கொண்டார். இப்போது பட்டியலைப் படித்துப் பார்த்த பின்னரே ஒப்பமிடுகிறார்.

மேலூர் தரும் பாடம்

2001-ஆம் ஆண்டில் மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதியில், சென்னை ஐ.ஐ.டி.யும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து சாரி என்னும் திட்டத்தின் கீழ்க் கிராமங்களில் இணைய மையங்களை அமைத்தன. நாடெங்கும் புகழ் பெற்ற முயற்சி அது. எனினும் சில ஆண்டுகளில் அம்மையங்களுள் பல மூடப்பட்டன. வருமானம் போதாமையும், நிறுவனங்களின் ஆதரவு தொடராமையும் காரணங்கள் என்று 2008-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு கூறுகிறது. அதே ஆய்வு கூறும் இன்னொரு செய்தியும் உண்டு. முன்னரே கணினிப் பயிற்சி பெற்றவர்கள் நடத்திய மையங்களும், பயிற்சி பெற்ற தனி ஆள் வைத்து நடத்திய மையங்களும் நெடுநாள் நிலைத்தன. கட்டடமும் கம்பியும் மட்டும் போதா. பழகிய ஆளும், அவருக்குப் பின்நிற்கும் ஆதரவும் வேண்டும் என்பதே இதனால் பெறப்படுவது.

செய்ய வேண்டுவன

ஆகவே ஊராட்சிகளில் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்கலாம்.

முதலாவதாக, முதல் பாடம் சிறியதாகவும் கற்பவரின் சொந்த வேலையாகவும் இருத்தல் வேண்டும். உழவராயின் தம் நிலத்துச் சிட்டாவைத் தாமே எடுத்துப் பார்க்கட்டும். உறுப்பினராயின் தம் வார்டில் நடந்த ஒரு வேலையின் செலவைப் பார்க்கட்டும். அன்றே பயன் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

இரண்டாவதாக, கற்பவரின் கையே பொத்தானில் இருக்க வேண்டும். கற்பிப்பவர் கையைக் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் சொல்வாராக. நேரம் கூடுதலாகும், ஆகட்டும்.

மூன்றாவதாக, பழைய பேரேட்டையும் புதிய திரையையும் சிறிது காலம் அருகருகே வைத்து எழுதலாம். ஆனால் அரசு விதிகள் அனுமதிக்கும் இடங்களில், இத்தேதியோடு இரட்டை வேலை முடியும் என்று முன்கூட்டியே கூறிவிட வேண்டும். ஒரே கணக்கை என்றென்றும் இரண்டு இடத்தில் எழுதச் சொன்னால், கணினி சுமையைக் குறைக்கும் என்ற பேச்சை எவரும் நம்பமாட்டார்.

நான்காவதாக, சிக்கல் வந்தால் கேட்பதற்கு ஒருவர் வேண்டும். அவர் பெயரும் கைபேசி எண்ணும் ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பயிற்சி நாளில் மட்டுமன்றி, பயிற்சி முடிந்த ஆறாவது மாதத்திலும் அவர் கிடைக்க வேண்டும்.

ஐந்தாவதாக, கணினியின் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். என்றைக்கு, எந்த வேலையில், எது தடைப்பட்டது என்பதை அதில் குறித்து வாருங்கள். மாதக் கூட்டத்துக்கு அதைக் கொண்டுவாருங்கள். சிக்னல் இல்லாமையும் சர்வர் நிற்பதும் கருவியின் குறைகள். அவற்றை மனிதரின் குறை என்று கணக்கெழுதுவது ஆகாது. உங்கள் அனுபவம் எழுத்தில் வந்தால்தான் மேலே உள்ளவர்களும் மென்பொருளைத் திருத்துவதற்கு வழி பிறக்கும்.

உழவர் பெருமக்களுக்கும் ஒரு வார்த்தை. 2018-ஆம் ஆண்டில் அரசு உழவன் செயலியை வெளியிட்டது. பேரனோ பேத்தியோ பக்கத்தில் அமர்ந்து சொல்லித் தரட்டும். ஆனால் விரல் உங்களுடையதாக இருக்கட்டும். கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை எவர் கேட்டாலும் கூறாதீர்கள். வீட்டுச் சாவியைத் தெருவில் போவோரிடம் கொடுப்பதில்லை அல்லவா?

கணினியை எல்லோரும் விரும்பியே ஆக வேண்டும் என்று நாம் வற்புறுத்தவில்லை. பயன்படுத்திப் பார்த்து, இது இந்த வேலைக்கு உதவும், இது இந்த வேலைக்கு உதவாது என்று தம் அனுபவத்தால் தீர்ப்புக் கூறும் உறுப்பினரே நமக்கு வேண்டும். அத்தகையவர் குறை கூறினாலும் அது நன்மையே. பழகாமலே வெறுப்பவரையும், பழகாமலே பிறரிடம் ஒப்படைப்பவரையும் கொண்டு ஊராட்சி நடைபெற இயலாது.

நாளைப் பயிற்சியில் அவரவரும் தம் முறை வரும்போது தயங்காமல் முன்னே வந்து அமர வேண்டும் என்றும், சாவியைப் பிறரிடம் விட்டு வைத்திருப்போர் ஊர் திரும்பியதும் அதைத் திரும்பப் பெற்றுக் கடவுச்சொல்லை மாற்றிவிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறோம்.